பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்கள் மேலும் ஓராண்டுக்கு வரும் என்று அறிவித்தது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் நீள்கின்றன. நேற்று வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி, காகிதத்தில் மட்டும் கிழடாகிவிட்டது.

திருவண்ணாமலை மாதிரியான ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. வேங்கிக்காலோ, செங்கம் சாலையோ, பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு கணினிதான். தங்கையின் கல்லூரி அசைன்மென்ட், அப்பாவின் கரண்ட் பில், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாம் அதில்தான். அந்த வீட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். ரேம் மாற்றுவார், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவார். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பார். அவர்தான் இப்போது கேட்கிறார்: “லினக்ஸ் போட்டுடலாம்... ஆனா எந்த லினக்ஸ்?”

இதற்கு யூடியூபில் ஆயிரம் பதில்கள் கிடைக்கும். ‘இந்த ஆண்டின் டாப் 10’ என்று பட்டியல் போடுவார்கள். ஆனால் ‘எது சிறந்தது’ என்ற கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. கணினிக்கு என்ன வயசு, அதை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்கள், மாட்டிக்கொண்டால் பக்கத்தில் கேட்க யார் இருக்கிறார்கள் – இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

தமிழ்நாடு ஏற்கெனவே எழுதிய பரீட்சை

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், 2006-07 வாக்கிலேயே, அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007-இல் சென்னை சி-டாக் மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர்கள் கைக்கு வந்தன. அதாவது, லட்சக்கணக்கான தமிழ்நாட்டு வீடுகளுக்குள் லினக்ஸ் அப்போதே நுழைந்துவிட்டது.

ஆனால் நுழைந்ததெல்லாம் தங்கிவிடவில்லை. கணினியை ஆன் செய்யும்போது இரண்டு பெயர்கள் திரையில் வரும். பழகிய பெயரைத்தான் கை தேடும். ‘அந்த இன்னொண்ணு என்ன?’ என்று கேட்டால் சொல்லித்தர ஆள் வேண்டுமே. பக்கத்து மாநிலமான கேரளம் வேறு வழியில் போனது. அங்கே அரசுப் பள்ளிகளின் ஐடி பாடப்புத்தகமே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதப்பட்டது. ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி தந்தார்கள். தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். இப்போது கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கெனத் தனி லினக்ஸையே தருகிறது.

ஒரு இடத்தில் இயந்திரம் வந்தது, கற்றுத்தரும் ஆள் அதே வேகத்தில் வரவில்லை. இன்னொரு இடத்தில் இரண்டும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு லினக்ஸ் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்குதான். மென்பொருளின் தரம் பாதி. மீதிப் பாதி அதைச் சுற்றி இருக்கும் மனிதர்கள்.

முதல் கேள்வி: கணினிக்கு என்ன வயசு?

‘லினக்ஸ் போட்டா பழைய லேப்டாப் பறக்கும்’ என்பது பாதி உண்மை. இயங்குதளம் குறைவான ரேமில் ஓடும் என்பது சரி. ஆனால் இன்று ரேமைத் தின்பது இயங்குதளம் இல்லை, பிரவுசர். ஆரம்பகால இலவச லேப்டாப்புகளைப் போல 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் எந்த லினக்ஸைப் போட்டாலும், நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும். எனவே முதல் செலவு மென்பொருளுக்கு இல்லை. ரேமை 4 அல்லது 8 ஜிபியாக ஏற்றி, சுற்றும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன எஸ்எஸ்டி போட வேண்டும். பழைய கணினியில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசத்தைத் தருவது இந்த இரண்டும்தான்.

அதற்குப் பிறகு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்; 8 ஜிபி என்றால் சின்னமன், கேடிஇ, க்னோம் என எதுவும் ஓடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லிருந்து, 32 பிட் கணினிகளில் நேரடியாக நிறுவும் வசதி நிறுத்தப்பட்டுவிட்டது. ரொம்பப் பழைய பெட்டியாக இருந்தால், பிராசஸர் 64 பிட்டா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது கேள்வி: அதை நம்பி யார் இருக்கிறார்கள்?

நோண்டுகிறவர்களுக்கு ஆர்ச் லினக்ஸ் மீது ஒரு கண் இருக்கும். அதில் தப்பில்லை. ஒவ்வொரு பாகத்தையும் நாமே தேர்ந்தெடுத்துக் கோக்கும்போது, ஒரு கணினி எப்படி எழுந்து நிற்கிறது என்பது புரிகிறது. ஜென்டூ இன்னும் ஒரு படி மேலே, மென்பொருள்களை மூல நிரலிலிருந்தே தொகுக்க வைக்கும். கற்றுக்கொள்ள அருமையான வழிகள்.

ஆனால் ஆர்ச் ஒரு ‘ரோலிங்’ வெளியீடு. புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும். அடிக்கடி, அதுவும் மொத்தமாக, அப்டேட் செய்ய வேண்டும். பாதி மட்டும் அப்டேட் செய்வதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. சில மாதங்கள் தொடாமல் விட்டுவிட்டுத் திரும்பினால், பேக்கேஜ்களைச் சரிபார்க்கும் சாவிகளைப் புதுப்பிப்பதிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் பரவாயில்லை. தினம் 1.5 ஜிபி டேட்டா பேக்கில், செல்போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஓட்டும் வீட்டுக்கு இது ஒத்துவராது. பௌர்ணமி அன்று ஊரே நிரம்பி மொபைல் நெட்வொர்க் திணறும் இரவில், பாதி இறங்கிய அப்டேட்டோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும். நடுவில் கரண்ட் போனால், பேட்டரி செத்த லேப்டாப்பின் கதி என்ன?

டெபியன் ஸ்டேபிள் இதற்கு நேர் எதிர். சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு. இடையில் வருவது பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத்திருத்தங்களும்தான். ஒரு பதிப்புக்கு நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள். உபுண்டு 24.04, அதன் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22 இரண்டுக்கும் 2029 வரை ஆதரவு. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும், ஒவ்வொன்றும் சுமார் 13 மாதம்தான் ஓடும். புதுக் கணினிக்கு நன்றாகப் பொருந்தும், ஆனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது பெரிய மாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

எனவே வீடே நம்பியிருக்கும் கணினியில் சோதனை கூடாது. அங்கே டெபியன் அல்லது மின்ட். ஆர்ச், ஜென்டூ, ஃப்ரீபிஎஸ்டி எல்லாம் இரண்டாவது கணினியிலோ, ஒரு தனி எஸ்எஸ்டியிலோ, கணினிக்குள் கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினிலோ இருக்கட்டும். தங்கைக்கு நாளை காலை ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாள் என்றால், இன்று இரவு கெர்னல் மாற்றிப் பார்ப்பது வீரம் ஆகாது.

மூன்றாவது கேள்வி: மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது?

இங்கேதான் டெபியன் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி பலம் இருக்கிறது. உபுண்டு, மின்ட், பாஸ், ராஸ்பெரி பை ஓஎஸ் எல்லாம் டெபியன் வழி வந்தவை. மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒன்றில் கற்றது இன்னொன்றில் உதவும். நாளைக்கு வேலையில் ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அதிலும் உபுண்டுவோ டெபியனோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆட்களும் இருக்கிறார்கள். சென்னையில் 1998-இல் தொடங்கிய லினக்ஸ் பயனர் குழு இந்தியாவின் பழைய குழுக்களில் ஒன்று. திருவண்ணாமலையிலிருந்து ஒரு ரயில் தூரத்தில் இருக்கும் விழுப்புரத்தில், குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தந்துவருகிறது. 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இணைய இதழ், லினக்ஸ் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிடுகிறது. ஆங்கில ஆவணத்தோடு மல்லுக்கட்டத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய வாசல்.

தமிழில் தட்டச்சு செய்வதும் இப்போது தலைவலி இல்லை. ஐபஸ் என்ற கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை என விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். பிரச்சினை பழைய கோப்புகளில்தான். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை யூனிகோட் இல்லை என்பதால், எழுத்து மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும்.

மாறாமல் இருப்பதே நல்லது என்பவர்களும் உண்டு

லினக்ஸ் ஆர்வலர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வீட்டில் யாராவது டேலியில் கணக்கு எழுதினால், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலை இருந்தால் ஃபோட்டோஷாப், கோரல்ட்ராவுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஜிம்ப், இங்க்ஸ்கேப் நல்ல கருவிகள்தான். ஆனால் அச்சகம் கேட்கும் கோப்பு வேறாக இருந்தால் நல்ல கருவி இருந்து என்ன பயன்? டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி பயன்படுத்துகிறவர்கள் அவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிரிண்டரும் அப்படியே. புதிய நெட்வொர்க் பிரிண்டர்கள் பலவும் டிரைவரே இல்லாமல் வேலை செய்யும. ஆனால் ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி பார்க்கும் கேனன் எல்பிபி 2900 போன்றவை அந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் பேசுபவை. தனி டிரைவர் தேடிப் போட்டுப் போராட வேண்டும். இப்படிப்பட்டவர்கள் விண்டோஸை ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் லினக்ஸையும் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆக, எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் வேறொரு டிஸ்க்கில் நகல். பிறகு ஒரு பென் டிரைவில் வென்டாய் என்ற கருவியைப் போட்டு, மின்ட், டெபியன் லைவ், ஃபெடோரா மூன்றின் ஐஎஸ்ஓ கோப்புகளையும் அதில் அப்படியே காப்பி செய்யலாம். எதையும் நிறுவாமலேயே ஒவ்வொன்றிலும் கணினியை ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா – இந்த ஐந்தும் ஓகே என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முன்பெல்லாம் டெபியனில் வைஃபைக்கு ஃபர்ம்வேர் தேடி அலைய வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவியிலேயே இருக்கிறது.

லினக்ஸ் இதுவரை தொடாதவர் என்றால் மின்ட். கட்டளை வரி கொஞ்சம் பழக்கம், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் என்பவர் என்றால் டெபியன். எதைப் போட்டாலும் டைம்ஷிஃப்ட் கருவியில் முதல் நாளே ஒரு நகல்நிலை எடுத்துவைத்தால், நோண்டியது சொதப்பும்போது நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அது இயங்குதளத்தை மட்டுமே மீட்கும்; கோப்புகளுக்குத் தனி நகல் எப்போதும் வேண்டும்.

அப்புறம் ஆறு மாதமாவது அதே லினக்ஸில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு லினக்ஸ் மாற்றுவது ஒரு வியாதி. மலையைச் சுற்றினால் புண்ணியம் என்பார்கள். லினக்ஸ்களைச் சுற்றினால் வால்பேப்பர் மட்டும்தான் மாறும். ஒரே இடத்தில் நின்று பழுது பார்த்தால்தான் கை பழகும்.

கை பழகிய பிறகு இன்னொரு வேலை காத்திருக்கிறது. தெருவில் நாலு வீட்டுப் பரணில் அரசு கொடுத்த லேப்டாப் தூசி படிந்து கிடக்கலாம். 2011-இல் அந்த மாணவர்களுக்குக் கிடைக்காத ‘கேட்டால் சொல்லித்தரும் ஆள்’, அந்தத் தெருவுக்கு இப்போது கிடைத்திருக்கிறார். எனவே எந்த லினக்ஸ் என்று முடிவு செய்யும்போது ஒன்றையும் சேர்த்து யோசிக்கலாம்: பக்கத்து வீட்டு அக்கா “தம்பி, இது என்ன இப்படி நிக்குது?” என்று கூப்பிட்டால், போனிலேயே பதில் சொல்லும் அளவுக்கு எது கைவசம் இருக்கும்? அதையே போட்டுக்கொள்ளலாம்.