பொரித்த எண்ணெய்க்கு விலை உண்டு. கழுவிய கொழுப்புக்கு யார் பொறுப்பு?

பத்தாங் பெர்ஜுந்தாய்: வடையும் கோழியும் பொரித்த எண்ணெயை உணவகங்கள் இப்போது வீணாகக் கொட்டுவதில்லை. டின்னில் சேர்த்து வைத்தால் காசு கொடுத்து வாங்கிச் செல்ல ஆள் வருகிறது. ஆனால், தட்டும் சட்டியும் கழுவும்போது தண்ணீரோடு போகும் கொழுப்பை யாரும் வாங்குவதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பழைய எண்ணெய்க்குக் கிராக்கி உலகச் சந்தையிலிருந்து வருகிறது. ஐரோப்பிய விமான நிலையங்களில் வழங்கப்படும் எரிபொருளில் 2025 முதல் 2 விழுக்காடு பசுமை எரிபொருளாக இருக்க வேண்டும். 2030இல் அது 6 விழுக்காடாகும். அதைத் தயாரிக்க உதவும் முக்கிய மூலப்பொருள்களில் ஒன்று பயன்படுத்திய சமையல் எண்ணெய்.

கழுவுநீர்க் கொழுப்பைத் தடுக்கத்தான் ‘கிரீஸ் டிராப்’ பெட்டி இருக்கிறது. அதில் கொழுப்பு மேலே மிதக்கும், சோற்றுப் பருக்கை அடியில் தங்கும், இடையிலுள்ள நீர் வெளியேறும். பெட்டியைப் பொருத்தினால் மட்டும் போதாது. கால் பங்கு நிறைவதற்குள் அள்ளாவிட்டால் கொழுப்பு வடிகாலுக்குப் போய்விடும். கொதிநீரும் சவர்க்காரமும் ஊற்றினால் கொழுப்பு கரைந்து பெட்டியைத் தாண்டும். பிறகு குழாயில் குளிர்ந்து கட்டியாகும்.

இவ்வட்டாரத்தில் இது வெறும் அடைப்புப் பிரச்சினை அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீருக்குச் சிலாங்கூர் ஆறே பெரும் ஆதாரம். அதே ஆறுதான் கம்போங் குவாந்தான் மின்மினிகளையும் வாழவைக்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. அது தொழிற்சாலைக் கழிவு. உணவகக் கழிவு அல்ல. ஆனாலும், ஒரு சிற்றாற்றில் விழுவது எவ்வளவு தூரம் போகும் என்பதை அது காட்டியது.

பெட்டியில் சேரும் கொழுப்பில் நீரும் அமிலமும் அதிகம். அதனால் பயோடீசல் தயாரிப்பாளர்கள் அதை எளிதில் விரும்புவதில்லை. ஆனால், அதிலிருந்து உயிரிவாயு எடுக்கலாம். அத்தொழில்நுட்பம் இவ்வூருக்குப் புதிதல்ல. தென்னைமரம் தோட்டத்துச் செம்பனை ஆலையில் 1980களிலேயே கழிவுநீரிலிருந்து உயிரிவாயு எடுத்தார்கள்.

ஒரு சிறு கடைக்காரர் தனியாக லாரி அழைத்துக் கொழுப்பை அகற்றுவது கட்டுப்படியாகாது. ஒரு கடைவரிசைக்கு ஒரு நாள் என முறைவைத்து, கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகமே ஒரு லாரியை ஏற்பாடு செய்தால் செலவு பகிரப்படும். உரிமம் புதுப்பிக்கும்போது பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கடைசியாக எப்போது அள்ளினார்கள் என்ற பதிவையும் கேட்க வேண்டும். அதுவரை, பெட்டி உரிமத்துக்காக இருக்கும். கொழுப்பு ஆற்றை நோக்கிப் போகும்.