கால் கிலோ கேமரா

"ஏங்க, போன்லயே மூணு கேமரா இருக்கு. நாலாவது எதுக்கு?"

கேட்டது என் மனைவி. நான் பி.காம். எந்தச் செலவையும் 'முதலீடு' என்று பெயர் மாற்றிக் கணக்கெழுதத் தெரிந்தவன். சிக்கல் என்னவென்றால், அவளும் பி.காம்!

கேள்வி நியாயமானதுதான். நல்ல வெயிலில் இன்றைய போன் எடுக்கும் படத்தையும் சின்ன கேமரா எடுக்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதென்று சொல்வது கஷ்டம். ஆகவே கல்யாணம், காதுகுத்து, கடற்கரைக்கு மட்டும் போகிறவர்கள் இப்போதே ஜோக் பக்கத்துக்குப் புரட்டிவிடலாம். முதுகில் மூட்டை, ராத்திரிக்கு டெண்ட், நாலு நாளைக்குக் கரண்ட்டே கிடையாது என்று கிளம்புகிறவர்கள் மட்டும் கொஞ்சம் உட்காருங்கள்.

2024 செப்டம்பரில் நான் போனது ஹிமாசலத்தின் ஹம்ப்டா கணவாய். மணாலிக்குப் பக்கத்தில் ஜோப்ராவில் நடக்க ஆரம்பித்து, சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் சத்ருவில் இறங்க வேண்டும். ஏறுகிற பக்கம் பச்சைப் பசேல். இறங்குகிற பக்கம் லாஹௌல், ஒரு புல்லுக்கும் வழியில்லாத மொட்டை மலை. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். கேமராக்காரனுக்கு விருந்துச் சாப்பாடு.

கிளம்புவதற்கு முன்னால் நண்பன் தன் பெரிய கேமராவைக் காட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று இருவருமாக எங்கள் தெரு மளிகைக் கடைக்குக் கொண்டுபோய் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தோம். லென்ஸோடு ஒன்றேகால் கிலோ. அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏந்தம்பி, அந்த எடைக்குப் பருப்பு தூக்கிட்டுப் போனா நாலு பேரு ரெண்டு நாள் சாப்புடலாமே!"

நண்பன் கேட்கவில்லை. முதல் நாள் கழுத்தில் மணி கட்டிய மாடு போல ஆட்டிக்கொண்டே நடந்தான். இரண்டாம் நாள் அது பைக்குள் போயிற்று. கணவாய் ஏறிய அன்றைக்கு அவன் எடுத்த படங்கள் மொத்தம் மூன்று. மூச்சு வாங்கும்போது எவன் ஐயா ஜிப்பைத் திறப்பான்?

ஆக, எடைதான் முதல் விலை. சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ அடங்கி, ஒரு கையால் எடுத்துச் சுட முடிகிற மாதிரி இருக்கணும், முந்நூறு கிராமுக்குள். அந்த எடையில் மூன்று ஜாதி உண்டு. 2023-ல் வந்த ஓ.எம். சிஸ்டம் டிஜி-7 முரட்டுப் பிள்ளை. 15 மீட்டர் தண்ணீருக்குள் போகும், மைனஸ் 10 டிகிரி குளிரைத் தாங்கும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் எழுந்து உட்காரும். ஆனால் சென்சார் சின்னது. ராத்திரி வானத்தை எடுத்தால் ரவையைக் கொட்டி வைத்தாற்போல இருக்கும். அதற்கு நேர் எதிர் 2019-ல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3. பெரிய சென்சார், 257 கிராம், படம் பிரமாதம். ஜூம் கிடையாது, மழைக்கும் ஆகாது.

நடுவில் இருப்பது 'ஒரு இஞ்ச்' சென்சார் ஜாதி. இஞ்ச் டேப்பை எடுக்காதீர்கள்! நிஜ அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான். அந்தக் காலத்து டி.வி. கேமரா குழாய்க் கணக்கில் வைத்த பெயர். நகைக் கடை சேதாரத்தைவிட மோசம். இருந்தாலும் முரட்டுப் பிள்ளையின் சென்சாரைப் போல நான்கு மடங்கு பரப்பு. நான் வாங்கியது இந்த ஜாதியில், 2014-ல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 மூன்றாவது மாடல், செகண்ட் ஹேண்டில். தேய்மானத்தை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டுவிட்டார், நன்றி! மேலே எழும்புகிற குட்டி வியூஃபைண்டர் இதில் உண்டு. பனியில் வெயில் பளீரென்று அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டைதான் காப்பாற்றும். டிரைபாட் கொண்டு போகவில்லை. பாறை மேல் காலுறையைச் சுருட்டி வைத்து, அதன் மேல் கேமரா, பத்து விநாடி டைமர். நட்சத்திரங்கள் வந்துவிட்டன.

இதெல்லாம் படத்துக்கான காரணம். மனைவிக்கு நான் சொன்ன காரணம் வேறு. ஜோப்ராவைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. சிக்னலைத் தேடித் தேடியே போனின் உயிர் போகும். குளிர் பாதி பாட்டரியைக் குடிக்கும். மிச்சத்தை செல்ஃபி குடிக்கும். அதே போன்தான் மேப், அதே போன்தான் டார்ச்.

கணவாயைத் தாண்டி ஷியா கோருவில் தங்கிய ராத்திரி, எங்கள் குழுவில் புனேயிலிருந்து மகனோடு வந்திருந்த ஒரு பெண்மணிக்குத் தலைவலி, வாந்தி. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. விடிய நேரமிருந்தது. காத்திருக்க வேண்டாம், இப்போதே இறக்கிவிடலாம் என்றார் வழிகாட்டி. அவர் தலையில் ஒரு விளக்கு. மகனின் டார்ச் குளிரில் செத்துக் கிடந்தது. டெண்ட் டெண்டாகப் போய்க் கேட்டார்: "மொபைல் மே சார்ஜ் ஹை?" எனக்கிருக்கிற இந்திக்கு அது போதும். ஒருவர் நாலு சதவீதம் என்றார். இன்னொருவருக்குத் திரையே எழவில்லை. என் போன் ஏரோப்ளேன் மோடில், மூன்று நாளாகப் பையில் சும்மா தூங்கியது. எண்பத்தொன்று! அதை மகன் கையில் கொடுத்து அனுப்பினேன். பொழுது விடியும்வரை கல்லும் ஓடையுமான அந்தப் பாதையில் அம்மாவின் காலடிக்கு அதுதான் வெளிச்சம்.

மத்தியானம் நாங்கள் சத்ரு போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். போனைத் திருப்பித் தந்துவிட்டு, கணவாயில் தன்னைப் படம் எடுத்தேனா என்று கேட்டார். எடுத்திருந்தேன்.

கேமரா பாட்டரி என்ன ஆயிற்று என்பீர்கள். அதற்கும் குளிர் ஆகாது. உபரியாக ஒன்று வைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டையும் தூக்கப் பைக்குள் காலடியில் போட்டுக்கொள்ளணும். விமானத்தில் போனால் உபரி பாட்டரி கைப்பையில்தான் இருக்கணும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கடையிலேயே லென்ஸைப் பத்துத் தடவை உள்ளே வெளியே ஓட்டிப் பாருங்கள். நறநறவென்று மணல் சத்தம் வந்தால் வேண்டாம். எஃப்11-ல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் உள்ளே தூசி. கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், இன்னும் ரெண்டு தடவை ஓட்டுங்கள்.