‘பத்தாயிரம் கேம் ஃப்ரீ!’ - தள்ளுபடி கேமிங் கன்சோலை நம்பி வாங்கலாமா? ஹோம்ப்ரூ, எமுலேஷன், சட்டம்... முழு விளக்கம்

சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். அதே சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பர்மா பஜார். தென் சென்னைப் பசங்களுக்கு ‘டிவி கேம்’, ‘கேசட்’ காலத்திலிருந்தே பழகிப்போன ரூட்கள் இவை. இப்போது தேடல் கையடக்க கன்சோல் பக்கம் திரும்பியிருக்கிறது. பழைய பிஎஸ்பி, ஸ்விட்ச், சீனத் தயாரிப்பு ரெட்ரோ கன்சோல் என எல்லாமே கடையிலும் ஆன்லைனிலும் ‘ஆஃபர்’ விலையில் கிடைக்கின்றன.

“அண்ணா, இது ஜெயில்பிரேக் பண்ணதா?”

“எல்லாம் போட்டே தர்றோம் தம்பி. பத்தாயிரம் கேம் இருக்கு. ஆன் பண்ணி ஆடுனா போதும்.”

இந்த மாதிரி பேச்சை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025-க்குப் பிறகு இதில் ரிஸ்க் கூடியிருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 5-ம் தேதி நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளியானது. அதை வாங்கியவர்கள் பழைய ஸ்விட்சை விற்பது ஒரு பக்கம். திருட்டு கேம் விஷயத்தில் கம்பெனிகள் கன்சோலையே முடக்கத் தொடங்கியிருப்பது இன்னொரு பக்கம். முந்தைய உரிமையாளர் செய்த வேலைக்கு, செகண்ட் ஹேண்டில் வாங்கும் நீங்கள் மாட்டிக்கொள்ளலாம். எப்படி? பார்ப்போம்.

ஹோம்ப்ரூ, எமுலேஷன்... ரெண்டும் ஒண்ணா?

இல்லை. கடையில் எல்லாவற்றையும் சேர்த்து ‘ஜெயில்பிரேக்’ என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று தனித்தனி விஷயங்கள் இவை.

• ஹோம்ப்ரூ: கன்சோல் கம்பெனியின் அனுமதியில்லாமல், ஆர்வலர்கள் தாங்களே எழுதும் கேம்களும் ஆப்களும். ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பதில் வீட்டுச் சமையல் மாதிரி. சி, சி++ படிக்கும் மாணவர்களுக்கு நல்ல பயிற்சிக்களம்.

• எமுலேஷன்: ஒரு மெஷினைப் போல இன்னொரு மெஷினை நடிக்க வைக்கும் மென்பொருள். உதாரணம், பிஎஸ்பி கேம்களை மொபைலில் ஓட்டும் ‘பிபிஎஸ்எஸ்பிபி’. 2012-ல் வந்த இது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்.

• ரோம்: கேமின் டிஜிட்டல் நகல். சட்டச் சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

எமுலேட்டர் என்பதே திருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பிளேஸ்டேஷனை கணினியில் ஓட்டும் மென்பொருளை எதிர்த்து சோனி தொடர்ந்த கனெக்டிக்ஸ் வழக்கில், 2000-ம் ஆண்டிலேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில் ஆப்பிளும் ஆப் ஸ்டோரில் ரெட்ரோ கேம் எமுலேட்டர்களை அனுமதித்துவிட்டது.

அதற்காக எல்லாமே பாதுகாப்பு என்றும் இல்லை. ஸ்விட்ச் கேம்களை ஓட்டிய ‘யூசு’ எமுலேட்டர் மீது நின்டெண்டோ 2024 பிப்ரவரியில் வழக்குப் போட்டது. மார்ச்சிலேயே 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு யூசு மூடப்பட்டது. எமுலேட்டர் எழுதியதைவிட, கேமில் இருந்த பூட்டை உடைக்க உதவியதுதான் அந்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டு.

பழைய கேமுக்கு ஏன் இவ்வளவு டிமாண்ட்?

முக்கியக் காரணம், காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் பல கேம்கள் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தனது 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் ஆன்லைன் கடையில் விற்பனையை நிறுத்தியது. நம் ஊர் நிலைமை இன்னும் மோசம். நின்டெண்டோ ஸ்விட்ச் 2017-ல் உலகச் சந்தைக்கு வந்தபோதே இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக அறிமுகமாகவில்லை. இங்கே கைமாறியவை பெரும்பாலும் இறக்குமதி சரக்குதான்.

ஆக, ஆசை நியாயமானது. எந்த மெஷினை, யாரிடம், எப்படி வாங்குகிறோம் என்பதில்தான் பிரச்சினை.

விலை ஏன் குறைவு? முதலில் அதைக் கேளுங்க

தள்ளுபடிக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். நல்ல காரணமும் உண்டு, கெட்ட காரணமும் உண்டு.

1. பழைய மாடல்: புது மாடல் வந்ததால் விலை குறைந்தது. இது நல்ல காரணம். அசூஸின் ராக் ஆலை 2023 ஜூலையில் இந்தியாவுக்கு ரூ.69,990-க்கு வந்தது. அடுத்தடுத்த மாடல்கள் வந்தால் இதுபோன்றவற்றின் விலை இறங்குவது இயல்பு.

2. கம்பெனி வாரன்டி இல்லை: வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்த சரக்கு. ரிப்பேர் என்றால் கடைக்காரர்தான் கதி.

3. ‘பேன்’ ஆன மெஷின்: ஆன்லைன் சேவை நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டது.

4. பேட்டரி, ஸ்டிக் கோளாறு: பத்து வருடத்துக்கு மேலான கன்சோல்களில் சகஜம்.

5. திருட்டுப் பொருள்: பில், பெட்டி, சார்ஜர் எதுவும் இல்லாமல் ‘அர்ஜென்ட் சேல்’ என்று வந்தால் உஷார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின் கீழ் குற்றம்.

‘பேன்’ - இதுதான் பெரிய பொறி

ஸ்விட்ச் கன்சோலில் உள்ள என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப்பில் ஒரு ஓட்டை இருப்பது 2018 ஏப்ரலில் வெளியானது. அது சிப்புக்குள்ளேயே பதிந்த கோளாறு என்பதால் அப்டேட் மூலம் சரிசெய்ய முடியாது. எனவே 2018-ன் நடுப்பகுதிக்கு முன் தயாரான ஸ்விட்ச்களுக்கு ஹோம்ப்ரூ உலகில் தனி மவுசு. அதற்குப் பின் வந்தவற்றில் அந்த ஓட்டை இல்லை. 2019-ல் வந்த லைட், 2021-ல் வந்த ஓஎல்இடி மாடல்களில் சிப் வைத்து சால்டரிங் செய்ய வேண்டும். கை தவறினால் மதர்போர்டு காலி.

இப்படி மாற்றிய கன்சோலில் திருட்டு கேம் ஓட்டி ஆன்லைனுக்குப் போனால், நின்டெண்டோ அந்தக் குறிப்பிட்ட மெஷினையே தடை செய்யும். அக்கவுன்ட்டை மாற்றினாலும், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் தடை போகாது. ஸ்விட்ச் 2 விஷயத்தில் இன்னும் கெடுபிடி. விதிகளை மீறினால் சாதனத்தை நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதபடி செய்யலாம் என்று 2025 மே மாதம் பயனர் ஒப்பந்தத்தில் நின்டெண்டோ சேர்த்தது. கேம் நகல்களை ஓட்டும் ‘மிக்’ கார்டு பயன்படுத்தியவர்களின் ஸ்விட்ச் 2 ஆன்லைனில் தடை செய்யப்பட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், தாங்கள் எதுவும் செய்யாமலே தடைபட்ட மெஷினோடு நின்ற கதைகளும் வெளியாகின.

மெஷினை ஆன் செய்து பார்த்தால் தடை தெரியாது. ஏற்கெனவே உள்ள கேம் நன்றாகவே ஓடும். ஆன்லைன் கடையைத் திறந்தால்தான் குட்டு உடையும். அதனால் வாங்கும் இடத்திலேயே உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் திறந்து பாருங்கள். “வீட்டுக்குப் போய் பாருங்க தம்பி” என்றால், நடையைக் கட்டுங்கள்.

எந்த மெஷின், யாருக்கு?

ஹோம்ப்ரூ கற்றுக்கொள்ள: பிஎஸ்பி, பிஎஸ் வீட்டா. இரண்டின் தயாரிப்பும் நின்றுவிட்டது (பிஎஸ்பி 2014, வீட்டா 2019). ஹோம்ப்ரூ கருவிகள் ஏராளம். கவனிக்க: பிஎஸ்பி இ1000 மாடலில் வைஃபை கிடையாது. வீட்டாவின் மெமரி கார்டு சோனியின் தனி வடிவம். சாதாரண எஸ்டி கார்டு நேரடியாகப் பொருந்தாது. கார்டு இல்லாமல் விலை பேசினால் பட்ஜெட் எகிறும்.

பழைய கேம் மட்டும் போதும்: ஆன்பெர்னிக், மியூ போன்ற சீன நிறுவனங்களின் சின்ன கன்சோல்கள். லினக்ஸ் அல்லது ஆண்ட்ராய்டில் ஓடுபவை. எமுலேட்டர் ஓட்டவே உருவானவை என்பதால் எதையும் உடைக்க வேண்டியதில்லை. கூடவே வரும் பெயர் தெரியாத எஸ்டி கார்டை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல கார்டு ஒன்று வாங்கிப் போடுங்கள்.

எல்லாமே வேண்டும்: ராக் ஆலை போன்றவை விண்டோஸ் கணினிகள்தான். எமுலேட்டரை நேரடியாக இன்ஸ்டால் செய்யலாம். ஆனால் ராக் ஆலையின் முதல் மாடலில் சூடு காரணமாக எஸ்டி கார்டு ரீடர் பழுதாகலாம் என்று அசூஸே 2023-ல் ஒப்புக்கொண்டது. பழசு வாங்கினால், கார்டு போட்டு அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள்.

இன்னும் முடிவு செய்யவில்லை: கையில் உள்ள மொபைலிலேயே எமுலேட்டர் போட்டு, ஒரு ப்ளூடூத் கன்ட்ரோலர் வாங்கி ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். ஆர்வம் நிலைத்தால் கன்சோல் வாங்கலாம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-வது பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. சட்டப்படி வைத்திருக்கும் கணினி நிரலுக்கு, தொலைந்து போவதிலிருந்து பாதுகாக்க பேக்கப் எடுக்கலாம். சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து, வணிக நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கவும் இடமுண்டு. ஆனால் கேம் என்பது வெறும் நிரல் அல்ல. அதில் உள்ள இசைக்கும் ஓவியத்துக்கும் தனியே பதிப்புரிமை உண்டு. அதோடு, இந்த விலக்கு நீங்கள் வாங்கிய கேமுக்குத்தான். டவுன்லோடு செய்த பத்தாயிரம் கேமுக்கு அல்ல.

பூட்டை உடைப்பது பற்றி 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு பேசுகிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம். ‘நோக்கத்தோடு’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்வதை இந்தப் பிரிவு தடுக்காது. நீங்களே எழுதிய கேமை ஓட்டுவதும் திருட்டு கேம் ஏற்றுவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

பெரிய ஆபத்து விற்பவருக்குத்தான். 63-வது பிரிவின்படி பதிப்புரிமை மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கும் 63பி பிரிவு இருக்கிறது. லாப நோக்கம் இல்லையென்றால் சிறை இல்லாமல் ரூ.50,000 வரை அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம்.

ரிவ்யூ போடும் யூடியூபர்களும் கவனிக்க வேண்டும். கேம்கள் ஏற்றிய சீன ரெட்ரோ கன்சோல்களை ரிவ்யூ செய்ததற்காக இத்தாலியில் ஒரு யூடியூபரின் வீட்டில் 2025-ல் சோதனை நடந்து, கன்சோல்கள் பறிமுதலாகின.

வாங்கும் முன் செக் லிஸ்ட்

• பின்பக்கம் உப்பியிருக்கிறதா? லித்தியம் பேட்டரி வீங்கியிருந்தால் தொடவே வேண்டாம்.

• ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஏதாவது நகர்கிறதா?

• எஸ்டி கார்டைக் கழற்றி மாட்டினால் எடுக்கிறதா?

• பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் மெஷினில் உள்ளதும் ஒன்றா?

• புது மெஷின் என்றால் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா? எலெக்ட்ரானிக் வீடியோ கேம்களுக்கு இந்தப் பதிவைக் கட்டாயமாக்கும் ஆணை 2012-லேயே வந்துவிட்டது.

• ஜிஎஸ்டி பில் தருவார்களா? பில் இல்லாத ‘குறைந்த விலை’, வரியைக் கழித்த விலையாக இருக்கலாம். 2019 ஜனவரியில்தான் வீடியோ கேம் கன்சோல் வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

ஏமாந்தால் எங்கே போவது?

கடையிலோ ஆன்லைன் தளத்திலோ பில்லோடு வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தெரியாத ஒரு தனிநபரிடம் ஸ்டேஷன் வாசலில் காசு கொடுத்து வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பெரிதாகக் கைகொடுக்காது. குறைந்தபட்சம் யுபிஐ-யில் பணம் அனுப்பி, சீரியல் நம்பரோடு ஒரு மெசேஜாவது வாங்கி வையுங்கள்.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

வாங்கலாம். எமுலேட்டர் ஓட்டவே தயாரான கன்சோலையோ, விண்டோஸ் கன்சோலையோ பில்லோடு வாங்குவதுதான் தலைவலி குறைந்த வழி. ஹோம்ப்ரூ கற்க வேண்டும் என்றால், ஆன்லைன் சேவையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத பழைய பிஎஸ்பி அல்லது வீட்டா போதும். ஏற்கெனவே யாரோ ‘பண்ணி வைத்த’ ஸ்விட்சை, அதிலும் ஸ்விட்ச் 2-ஐ, விலை எவ்வளவு குறைந்தாலும் செக் பண்ணாமல் தொடாதீர்கள்.

கேமுக்கும் வழி இருக்கிறது. 2004-ல் இலவசமாக வெளியான ‘கேவ் ஸ்டோரி’, டூம் ரசிகர்கள் உருவாக்கிய ‘ஃப்ரீடூம்’, இட்ச் தளத்தில் குவிந்திருக்கும் ஹோம்ப்ரூ கேம்கள் என்று சட்டச் சிக்கல் இல்லாமல் ஆட நிறையவே உண்டு. கார்டை ஃபார்மேட் செய்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

கடைக்குப் போனால் “எத்தனை கேம் இருக்கு?” என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். “பில் தருவீங்களா அண்ணா?” என்பதுதான் முதல் கேள்வி.