நெல்லால் அளந்து பாருங்கள்!

சித்தையன்கோட்டையில் முதியோர் இருவர் ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் பேச்சு எங்குத் தொடங்கினும் விலையில் வந்து நிற்கும். "ஓரணாவுக்கு இரண்டு இட்டலி தின்றோம், இன்று ஐந்நூறு உருபாத் தாளை மாற்றினால் பை நிறையுமுன் கரைந்து போகிறதே!" என்பார் ஒருவர். "அது ஒரு காலம் அண்ணே!" என்று பெருமூச்செறிவார் மற்றவர்.

இப் பெருமூச்சில் பாதி உண்மை, பாதி மயக்கம். அந்த ஓரணாவைப் பெறுவதற்குக் களத்தில் எத்துணைப் பொழுது குனிந்து கிடக்க வேண்டியிருந்தது என்பதை எவரும் சேர்த்துச் சொல்வதில்லை. மேலும், 1957 ஏப்பிரல் முதல்நாள் நூறு காசு கொண்ட உருபா வந்து அணாவை அகற்றியது. அதன்பின் படியும் வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தது. அளவைகள் மாறியதால் பாட்டன் சொல்லும் விலை பெயரனுக்கு விளங்குவதே இல்லை. உருபாவோ ஆண்டுதோறும் தானே தேய்கின்ற ஒரு கோல். தேயும் கோலைக் கொண்டு எதனை அளப்பது?

நம் முன்னோர் நெல்லால் அளந்தனர். கூலமாகக் கொடுத்ததே கூலி. சம்பா நெல்லும் அளத்து உப்புமாகக் கொடுத்ததே சம்பளம் என்று நம் சொல்லாய்வறிஞர் விளக்குவர். குடகனாற்று நீரிலும் ஆத்தூர் நீர்த்தேக்கத்தின் நீரிலும் நெல் விளைத்த பகுதி மக்களுக்கு இவ்வளவை புதிதன்று. அதனை மீண்டும் கையிலெடுத்துப் பார்ப்போம்.

முதலில் உணவு. ஓர் உருபாவுக்கு ஒரு படி அரிசி என்னும் உறுதிமொழி 1967 இல் ஓர் ஆட்சியையே மாற்றத் துணைநின்றது எனின், அன்றைய வீடுகளில் அடுப்பு எந்நிலையில் இருந்தது என்பதை உய்த்துணரலாம். அவ்வாண்டு மே திங்களில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய அத்திட்டத்தை நெடுநாள் நடத்த முடியவில்லை. பின்னர், 2006 இல் பங்கீட்டுக் கடை அரிசி கிலோ இரண்டு உருபாவாயிற்று. 2008 இல் ஓர் உருபாவாயிற்று. 2011 சூன் முதல் விலையில்லா அரிசியாயிற்று. ஆகவே, சோற்றை மட்டும் கருதினால் இன்றைய எளிய வீடு அன்றைய வீட்டினும் மேல்தான். ஆட்சியாளர் மேல் நமக்கு எத்துணைச் சினம் இருப்பினும் இதனை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால், அவ்வரிசியை விளைவிப்பவன் நிலை என்ன? 1980–81 ஆம் ஆண்டில் நூறு கிலோ பொதுவகை நெல்லுக்கு நடுவணரசு உறுதிசெய்த விலை 105 உருபா. 2025–26 இல் அது 2,369 உருபா; தமிழ்நாட்டரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து 2,500 உருபா. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ இருபத்து நான்கு மடங்கு. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். பொன்னைப் பாருங்கள். 1980 இல் பத்துக் கிராம் பொன் ஏறத்தாழ 1,330 உருபா. அஃதாவது ஒரு பவுனுக்கு ஆயிரம் கிலோ நெல் போட்டால் போதும். 2025 அக்தோபரில் ஒரு பவுன் 90,000 உருபாவைத் தாண்டியது. அதற்கு மூவாயிரத்து அறுநூறு கிலோ நெல் போடவேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் உழவன் அன்று விற்றதைப் போல மூன்றரை மடங்கு நெல்லை விற்றே அதே ஒரு பவுனை வாங்குகின்றான். (பெண் வீட்டாரிடம் பவுன் கணக்குப் பேசும் இழிவைத் தமிழர் திருமணம் என்று எவன் சொன்னான் என்பது வேறு கேள்வி.) நிலமற்றவன் கதை இன்னும் கொடிது. நூறு நாள் வேலையின் நாட்கூலி 2006 இல் தமிழ்நாட்டில் 80 உருபா. 2025–26 இல் 336 உருபா. சென்னையில் 2025 ஏப்பிரலில் வீட்டு எரிவளி உருளையின் விலை 868 உருபா 50 காசாக உயர்ந்தது. ஓர் உருளைக்கு இரண்டரை நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு! அவன் பாட்டி அடுப்பெரித்த சுள்ளிக்கு விலையில்லை. அவள் கண்ணெரிந்ததையும் புகையால் இருமியதையும் மறந்து நான் சுள்ளியைப் புகழவில்லை. விலையின்றி இருந்தவை ஒவ்வொன்றாய் விலைப்பொருளாகிவிட்டதைச் சுட்டுகின்றேன்.

நீரும் அவ்வாறே ஆயிற்று. திண்டுக்கல் நகருக்கே குடிநீர் வழங்கும் நீர்த்தேக்கம் ஆத்தூரில் இருக்க, இப்பக்கத்துக் கடைகளிலும் புட்டியில் அடைத்த நீர் விற்கின்றது. வேப்பங்குச்சிக்கு வரியில்லை, பற்பசைக்கு 2017 முதல் 2025 செப்தம்பர் வரை நூற்றுக்குப் பதினெட்டு வரி. 2022 சூலை 18 முதல், பையிலடைத்துப் பெயரிட்ட அரிசிக்கும் தயிருக்கும் மோருக்குங்கூட நூற்றுக்கு ஐந்து வரி போட்டனர். மோருக்கு வரி! வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்துவிட்டுப் பெயர் கேட்ட இனத்தில் இவ்வாறு ஒருநாள் வந்தது. நெல்லுக்கு விலை உறுதிசெய்வது தில்லி. எரிவளிக்கு விலை வைப்பவை எண்ணெய் நிறுவனங்கள். விளைவித்து உண்ணும் தமிழனுக்கு இவற்றுள் எதிலும் வாயில்லை.

இவையெல்லாம் பிறர் நம்மீது சுமத்தியவை. நாமே விரும்பித் தூக்கிக்கொண்ட சுமை ஒன்றுண்டு; அதனைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

காலை எட்டு மணிக்குச் சிற்றூர்த் தெருக்களில் மஞ்சள் ஊர்திகள் வந்து நிற்கின்றன. கழுத்துப்பட்டை இறுக, நம் குழந்தைகள் ஆங்கில வழிப் பள்ளிகளுக்கு ஏற்றப்படுகின்றனர். கட்டணம், ஊர்திச் செலவு, சீருடை, புத்தகம், மாலையில் தனிப்பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு இருபதாயிரம் உருபா என்று மிகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். 2,500 உருபா விலையில் அஃது எண்ணூறு கிலோ நெல். ஓர் ஏக்கரில் இரண்டாயிரத்து நானூறு கிலோ விளைந்தால் அதில் மூன்றிலொரு பங்கு. இரண்டு குழந்தைகள் எனின் மூன்றில் இரண்டு பங்கு. உரத்துக்கும் கூலிக்கும் அறுவடைக்கும் போக உழவனுக்கு மிஞ்சுவது என்ன? பாட்டன் காலத்துக் கணக்கில் இச்செலவு ஒரு வரியிலும் இல்லை. காமராசர் திறந்த பள்ளியில் அவர் மக்கள் கட்டணமின்றித் தமிழில் படித்தனர். 1956 முதல் நண்பகலில் உண்டும் வந்தனர்.

அப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. பாடப்புத்தகம் விலையில்லை, நண்பகலுணவு உண்டு, 2022 முதல் தொடக்கப்பள்ளிகளில் காலையுணவும் படிப்படியாக வந்துவிட்டது. ஆயினும் அவற்றை விட்டுவிட்டு, தாய்மொழியைப் பிழையின்றி எழுதவியலாத பிள்ளையைப் பெறுவதற்காக எண்ணூறு கிலோ நெல்லைக் கொட்டிக் கொடுக்கின்றோம்! பெற்றோரை மட்டும் கடிந்து பயனில்லை. ஐந்தாம் வகுப்பு வரை தமிழே பயிற்றுமொழி என 1999 இல் போட்ட ஆணையை 2000 இல் உயர்நீதிமன்றம் தள்ளியபின், அதற்கு வலுவான சட்டம் செய்ய எந்த ஆட்சி முனைந்தது? மாறாக, 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழி வகுப்புகளைத் திறந்தனர். தமிழ் என்று மேடையில் முழங்குவோர் வீட்டுப் பிள்ளைகள் எங்குப் படிக்கின்றனர் என்பதைப் பார்த்தே உழவனும் தன் பிள்ளையை அனுப்புகின்றான்.

"தமிழில் படித்தால் வேலை உண்டா?" என்று கேட்பான். உண்டு. தமிழ்வழிப் பயின்றோர்க்குத் தமிழ்நாட்டரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் என 2010 இல் சட்டம் வந்தது. பள்ளி முதலே தமிழில் பயின்றிருத்தல் வேண்டும் எனப் பின்னர் அது திருத்தப்பட்டது. அஃதாவது, இன்று முதல் வகுப்பில் ஆங்கில வழியில் சேர்க்கப்படும் குழந்தை அவ் இருபது இடங்களுக்கும் உரிமையை அன்றே இழந்துவிடுகின்றது. சேர்க்கைக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் பெற்றோருள் இதனை அறிந்தவர் எத்தனை பேர்? அறிந்தவர்கள் நாம். சூன் திங்களுக்கு முன்பாக, சித்தையன்கோட்டையிலும் ஆத்தூரிலும் செம்பட்டியிலும் வீடுவீடாகச் சென்று இவ்வொரு செய்தியையும் அந்த எண்ணூறு கிலோக் கணக்கையும் நம் தோழர்கள் சொல்லிவர வேண்டும்.