ராணிக் காசும் புலிக் காசும்

பழைய ரூபாய் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் தரையில் சுண்டித்தான் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்றால் வெள்ளி, ‘டொக்’ என்றால் போலி. அந்தமானில் எங்கள் ஹட் பேயிலும் இதே கதைதான். ஆனால் நிக்கலும் கணீரென்றுதான் ஒலிக்கும்.

எதிர் வீட்டுப் பெரியம்மாவிடம் நாலு காசு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு சேற்றிலிருந்து மீட்ட தகரப் பெட்டிக்குள் முடிச்சோடு கிடந்தவை. “நாலும் வெள்ளிதானே தம்பி?” என்றார். “வருஷத்தைப் பாருங்க பெரியம்மா” என்றேன்.

ஒன்று 1862, ராணி விக்டோரியா தலை. அடுத்தது 1919, ஐந்தாம் ஜார்ஜ். இரண்டிலும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எடை சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். மூன்றாவது 1944, ஆறாம் ஜார்ஜ். எடையும் அகலமும் அதே. உள்ளே வெள்ளி பாதிதான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். நாலாவது 1947. பின்பக்கம் புலி நடக்கிறது. அதில் வெள்ளி துளியும் இல்லை, முழுக்க நிக்கல். காந்தத்தை நீட்டினால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

கவனியுங்கள், நாலில் ஒன்றுகூடக் கள்ளக் காசு இல்லை. போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும், 1940-இல் சர்க்காரே ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கியது. அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியையும் திருப்பித் தரவேண்டியிருந்தது, அதனால் பிறகு நிக்கல் வந்தது. மூன்று வகைக்கும் பெயர் ஒரு ரூபாய்தான்.

வருடம் தேய்ந்துபோயிருந்தால்? நகை ஆசாரியிடம் உள்ள மின் தராசு போதும். காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தேயாத பழைய வெள்ளி ரூபாய்க்குத் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். பாதி வெள்ளிக்கு 1.22, நிக்கலுக்கு 1.31. காசு தேய்ந்திருந்தால் அதன் எடையைத் தராசு அப்போது காட்டும் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 10.3-ஐ ஒட்டி வந்தால் நல்ல வெள்ளி. 9-க்குக் கீழே என்றால் வேறு உலோகம். கள்ளக் காசு அடிப்பவன் எடையைச் சரிக்கட்டினால் தடிமன் கூடிவிடும். தடிமனைச் சரிக்கட்டினால் எடை குறையும். இரண்டையும் ஒருசேர ஏமாற்ற பித்தளையாலோ செம்பு-நிக்கல் கலவையாலோ முடியாது.

காந்தத்தை மட்டும் நம்பவேண்டாம். ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது உறுதி. ஒட்டாவிட்டால் எதுவும் உறுதியில்லை; பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. அரம் போட்டு உரசவும் விடாதீர்கள். கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அது கந்தகம் பட்ட கறுப்பு. சேகரிப்பவர்களுக்கு அது குறையே இல்லை, தேய்த்த கீறல்தான் குறை.

விற்கும்போது கணக்கு தெரியவேண்டும். ராணிக் காசில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.7 கிராம், 1944 காசில் 5.8. இரண்டுக்கும் ஒரே விலை சொல்லும் கடையில் இறங்காதீர்கள்.

ஆனால் வெள்ளி இல்லை என்பதற்காக எதையும் தூக்கி எறியவும் கூடாது. 1860-களில் போர்ட் பிளேர் கைதிக் குடியேற்றத்துக்கென்று சர்க்கார் ஒரு வில்லை அடித்தது. உலோகம் செம்பு, மேலே போட்ட மதிப்பு ஒரு ரூபாய். இன்று அந்தச் செம்புக்குச் சேகரிப்பவர்கள் தரும் விலையில் ராணிக் காசுகள் பல வாங்கலாம். நம் தீவில் யார் பெட்டியிலாவது அது இருந்தால், தயவுசெய்து பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடாதீர்கள்.