எலிக்கு எதற்கு ஸ்கேன்?



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. மயங்கிக் கிடக்கும் சுண்டெலியின் காலில் ஜெல் தடவி ஸ்கேன் எடுக்கிறார்கள். "மனுசனே ஸ்கேனுக்கு வரிசையில நிக்கிறான், எலிக்கு ஸ்கேனா?" என்று மாப்பிள்ளை ஒருவர் கேட்க, ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரத்தக் குழாய் என்றதும் தோட்டத்து ரப்பர் குழாயைத்தான் நினைக்கிறோம். (வகுப்பில் நானே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், மன்னிக்கவும்.) அது உயிருள்ள குழாய். ரத்த ஓட்டம் கூடினால் அதன் உட்சுவரில் இருக்கும் மெல்லிய செல் அடுக்கு நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்கும். உடனே குழாய் தளர்ந்து விரியும். சர்க்கரை, புகை, கொழுப்பு இவற்றால் அடைப்பு வருவதற்கு வெகு முன்பே இந்த விரியும் தன்மை கெட ஆரம்பித்துவிடும்.

இது எப்படித் தெரிந்தது? 1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனியை வெட்டி எடுத்து, துண்டுகளாக்கி, மருந்து விட்டுப் பார்த்தார். உட்சுவர் தேய்ந்துபோன துண்டு சுருங்கியது. உட்சுவர் கெடாத துண்டு தளர்ந்தது. 1998-ல் வேறு இருவரோடு அவருக்கு நோபல் பரிசு. அதற்கு உயிர் கொடுத்தவை முயல்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை. தினமும் காலையில் நான் போடும் பிரஷர் மாத்திரைக்குப் பின்னாலும் விலங்குகள் உண்டு.

இப்போது அந்த எலிப் படத்துக்கு வருவோம். காலில் சிறு பட்டையை இறுக்கி ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு விடுவிக்கிறார்கள். பாய்ந்து வரும் ரத்தத்துக்குத் தொடைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று திரையில் அளக்கிறார்கள். மனிதருக்கு இதே சோதனையைக் கையில் 5 நிமிடம் இறுக்கிச் செய்வார்கள். சுண்டெலியின் தமனியோ அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நம் வயிற்று ஸ்கேனுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் போதும், இதற்கு 30-க்கு மேல் வேண்டும். அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். எலிக்கு ஆழம் எதற்கு?

என் வாதம் இதுதான். நோய் வளர்வதை நாலு கட்டமாகப் பார்க்க, கட்டத்துக்குப் பத்து எலி வீதம் நாற்பதைக் கொல்ல வேண்டியிருந்தால், ஸ்கேனில் அதே பத்தை நாலு முறை பார்க்கலாம். விலங்குகளைக் குறைக்க வேண்டும் என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-லேயே எழுதினார்கள். அப்படியிருக்க இந்த மெஷினுக்கு ஆகும் பணத்தை வெட்டிச் செலவு என்பது நியாயமில்லை.

அதற்காக எலிக்கு ஒன்றுமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆய்வு முடிந்ததும் பெரும்பாலும் அதைக் கொல்லத்தான் செய்கிறார்கள். மயக்க மருந்தே குழாயை விரித்துவிடும், உடம்பு குளிர்ந்தால் சுருங்கும். அளப்பவர் கை பழகாவிட்டால் எலியும் வீண், எண்ணும் வீண்.

ஆய்வகத்தில் இருக்கும் என் பிள்ளைகளே, நெறிமுறைக் குழுவிடம் இத்தனை எலி வேண்டும் என்று எழுதும் முன், ஸ்கேனில் முடியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை, இதற்கும் சிரிப்புப் பொம்மை போடலாம், முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள்.