ஆள் நிற்பதில்லையா? உணவகப் பணியாளர் விலகல் பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் உணவகமும் விடுதியும் நடத்துவோர் கூடினால் முதலில் எழும் குறை, ‘ஆள் நிற்பதில்லை’ என்பதுதான். போகிறவர்களுக்குப் பொறுப்பில்லை என்று நம்மில் பலர் இதற்கு விளக்கம் சொல்கிறோம். உரிமையாளர்களின் சங்கமான நாங்கள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. சம்பளத்தோடு, வேலையிடத்தில் கிடைக்கும் ஆதரவும் ஒருவர் இருப்பதா போவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அனுசரித்துப் போகும் ஊழியரைத்தான் எல்லோரும் தேடுகிறோம். சப்ளையர் வராத நாளில் கேஷியர் இலை போடுகிறார். தோசை மாஸ்டர் பரோட்டாக் கல்லுக்கும் மாறிக்கொள்கிறார். ஆனால் நாலு வேலை தெரிந்தவருக்கு நாலு இடத்தில் வேலை உண்டு. அவர் தலையில் சுமையை மட்டும் ஏற்றினால் முதலில் கிளம்புவது அவர்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகாமல் நமக்காக நிற்பவருக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஷிப்டை மாற்றித்தர நாமும் வளைய வேண்டும்.

எனவே உறுப்பினர்களிடம் சங்கம் வலியுறுத்துவது:

1. ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்பே ஒட்டுங்கள். வார விடுமுறையில் வேலை வாங்கினால் மாற்று நாள் கொடுங்கள்.

2. இரண்டாவது வேலை கற்றவருக்குச் சம்பளத்தை உயர்த்துங்கள்.

3. வாடிக்கையாளர் வரம்பு மீறினால் சூபர்வைசர் ஊழியர் பக்கம் நிற்கட்டும். உடைந்த தட்டுக்கும் பில் கட்டாமல் போனவருக்கும் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம்.

4. பிரேக் ஷிப்டில் படுத்து எழ இடம் ஒதுக்குங்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தப்பட்டது. கல்லாவிலும் வரவேற்பிலும் நிற்பவர்களுக்கும் நாற்காலி போடுங்கள்.

5. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இ.எஸ்.ஐ. பதிவும், பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது.

சிறிய ஓட்டலுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்கள். ஷிப்ட் பட்டியல் ஒட்டக் காசு ஆகாது. ஆனால் மாஸ்டர் மாறினால் சாம்பாரின் ருசி மாறும், புதியவருக்கு மறுபடி முன்பணம் கொடுக்க வேண்டும். அந்த நஷ்டத்தை நாம் கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

அசல் சான்றிதழை வாங்கி வைப்பது, ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது போன்ற வழிகளில் ஆளைக் கட்டிப்போடும் உறுப்பினருக்காக, தகராறு வந்தால் சங்கம் பேச வராது.